கையைக் கட்டாதீங்க

அத்தை யாரையும் நலம் விசாரித்து நான் பார்த்ததில்லை. நேராகக் கேள்விக்கு வந்துவிடுவார்.

"நான் பேச்சில்லாம கெடக்குறேன்னு வெச்சிக்க. டாக்டர் வந்து உன்னக் கேக்குறாரு, தொண்டையில குழாய் போடலாமான்னு. நீ இன்னா சொல்லுவ?"

முதல் முறை அவர் இதைக் கேட்டபோது நான் வாசலில் உட்கார்ந்து அனுமந்தையிலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் மத்தி மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரம்மாவின் கத்தி பாதி மீனில் நின்றுவிட்டது.

"காலையில பேசுற பேச்சா அத்த இது?"

"ஏன், காலையில வராதா? நேரம் பாத்தா வரும்? சொல்லு."

"வேணாம்னு சொல்லுவேன்."

"சத்தமா சொல்லு. ஆஸ்பத்திரியில இவ்ளோ மெதுவா சொன்னா எவன் காதுல விழும்?"

"வேணாம்னு சொல்லுவேன்" என்று கத்தினேன். அத்தை திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மீன் என்ன விலை என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார். மீன்காரம்மா என்னைப் பார்த்து, "இன்னா சுமதி, அதுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றார். அப்போது ஒன்றும் ஆகியிருக்கவில்லை. இருமல் மட்டும் இருந்தது.

எங்களுக்குள் ரத்த சொந்தம் எதுவும் கிடையாது. மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில், உப்பளத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் அவர் பக்கத்து வீடு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெருவோடு சேர்ந்து நானும் அத்தை என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான். மரக்காணத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. அதுதான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "நீ மருந்துக்கடையில இருக்குற. டாக்டருங்க பேசுற பாஷை உனக்குப் புரியும். அதுவுமில்லாம நீ எதுக்கும் பொசுக்குன்னு அழ மாட்ட" என்று ஒருநாள் சொன்னார். நான் அழுவதை அவர் பார்த்ததில்லை. அதற்காக நான் அழுததே இல்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

என்னை மட்டும் கேட்டார் என்றில்லை. மினி பஸ் கண்டக்டரைக் கேட்டார். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற பெண்ணைக் கேட்டார். டீக்கடைக்காரர் ஒருமுறை விளையாட்டாக, "எல்லாத்தையும் போடச் சொல்லுவேன் ஆயா, நீ நூறு வருஷம் இரு" என்று சொல்லப்போக, ஒரு மாதம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. தெருவில் அவர் எதிரே வந்தால் சிலர் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். "சாவக் கூப்டுக்கினே திரியுது இந்தப் பொம்பள" என்று அவர் காதுபடவே சொன்னவர்களும் உண்டு. அத்தை அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. "பேசினா செத்துடுவாங்கன்னா அரசியல்வாதி எவனும் உசுரோட இருக்க மாட்டான்" என்பார்.

எதையும் முன்கூட்டியே யோசிப்பது அவர் உடம்போடு பிறந்தது. அவரும் அவர் வீட்டுக்காரரும் குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு வாரிய காலத்தில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாதபோதும் குவித்த உப்பு அம்பாரத்தின் மேல் தார்ப்பாய் கிடக்குமாம். பக்கத்துப் பாத்திக்காரர்கள் சிரிப்பார்களாம். கல்யாணத்துக்குக் கிளம்பினால் திரும்பி வர எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று தெரிந்துகொண்டுதான் வாசல் படி இறங்குவார். புயல் எச்சரிக்கை என்று ரேடியோவில் சொல்வதற்கு முன்பே அவர் வீட்டு அரிசி பரணுக்குப் போயிருக்கும். ஆனால் இந்தக் குழாய்க் கேள்வி அந்த ரகம் இல்லை என்று எனக்குப் போகப்போகத்தான் புரிந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் தன் இடது மணிக்கட்டை வலது கையால் தேய்த்துக்கொண்டே இருப்பார். கொசு கடித்த இடத்தைத் தேய்ப்பது மாதிரி இல்லை, அழுக்கைத் தேய்த்து எடுப்பது மாதிரி.

அவர் வீட்டுக்காரர் வாதம் வந்து விழுந்தபோது அவரைக் காரில் போட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அத்தைதான். என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று சொன்னதும் அவர்தான். அவர்களும் செய்தார்கள். வாய் வழியாகக் குழாய் போட்டு மெஷினில் மூச்சு ஓடியது. ஒருநாள் பார்வை நேரத்தில் உள்ளே போனபோது மனுஷனின் இரண்டு கைகளும் கட்டில் கம்பியோடு, காயத்துக்குச் சுற்றும் வலைத்துணியால் கட்டியிருந்தன. குழாயைப் பிடுங்கிவிடுகிறார், அதனால்தான் என்றார்கள்.

"என்னையே பாத்துக்கினு இருந்தாருடி" என்று அத்தை என்னிடம் சொன்னார். "வாயில குழாய் இருக்குது, பேச முடியல. அவுத்து வுடுன்னு கண்ணாலயே கேக்குறாரு. அவுக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. அவுத்தா செத்துடுவாரோன்னு பயம். நான் போத்தி வுட்டுட்டு வெளிய வந்துட்டேன். ரெண்டு கையும் தெரியாம போர்வைய இழுத்துப் போத்திட்டு வந்துட்டேன்."

அவர் வீட்டுக்காரர் உயிர் போனதும் அந்த ஆஸ்பத்திரியில்தான். கட்டு அவிழ்க்கப்பட்டது அதற்கப்புறம்தான்.

அத்தையின் இருமலுக்குப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது நான்தான் கூடப் போனேன். நுரையீரல் காய்ந்த தேங்காய் நார் மாதிரி இறுகிக்கொண்டே வருகிறது, மெதுவாகத்தான் போகும், ஆனால் திரும்பி வராது என்றார்கள். அத்தை அதைக் கேட்டு அதிரவில்லை. முதலில் பார்த்த டாக்டரிடம் தன் கேள்வியைப் போட்டார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம், தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் அத்தை, "பாத்தியா? அந்த ஆளுக்கே பயம்" என்றார்.

அடுத்த முறை பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். அவர் மட்டும் நாற்காலியை அத்தை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எதுக்கு ரொம்ப பயப்படுறீங்க? சாவுக்கா?" என்று கேட்டார்.

"சாவுக்கு இன்னா பயம்? கையக் கட்டுவீங்களே, அதுக்குத்தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. புத்தி தெளிவாக இருக்கும்போதே இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று எழுதிவைக்கலாம், நமக்காகப் பேசுவதற்கு ஆளையும் குறிப்பிடலாம், இரண்டு சாட்சியோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி செல்லும் என்று நிதானமாக விளக்கினார். அன்று பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் அத்தை, "அப்ப நான் பைத்தியம் இல்ல. இதுக்குச் சட்டமே இருக்குது" என்றார்.

திண்டிவனத்து நோட்டரிக்கு விஷயம் பிடிபடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வீடு யாருக்கும்மா எழுதுறீங்க?" என்றார்.

"வீட்டப் பத்தி இல்ல சார். என்னப் பத்தி."

இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகு முத்திரை குத்தினார். அத்தைக்காகப் பேச வேண்டியவள் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

என் கணவர் உப்பு லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அன்று பேசினார்.

"பெத்த புள்ள இருக்கும்போது நீ யாரு நடுவுல? நாளைக்கு அவன் வந்து சட்டையப் புடிச்சா என் சட்டையத்தான் புடிப்பான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அத்தையின் மகன் குமார் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரே பிள்ளை. ஊரையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற அத்தை, அவனிடம் மட்டும் கேட்க மாட்டார். ஒருமுறை முயற்சி செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "குமாரு, எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சின்னா..." என்று ஆரம்பித்ததுமே போனில் அவன் குரல் உடைந்துவிட்டது. "நான் இங்க யாருக்கும்மா வெயில்ல கெடந்து சாவுறேன்? அப்பாவுக்குத்தான் வந்து நிக்க முடியல. உன்னையும் வுட்ருன்றியா?" அத்தை பேச்சை மாற்றினார். "சாப்ட்டியா?" என்றார். அதன் பிறகு எப்போது பேசினாலும் அந்த ஒரு கேள்வியோடு சரி.

அப்பா கட்டிலில் எப்படிக் கிடந்தார் என்பதை அத்தை அவனிடம் சொல்லவே இல்லை. முகத்தை மட்டும்தான் வீடியோவில் காட்டியிருந்தார்கள்.

ஆக, மகனிடம் சொல்ல வேண்டியதெல்லாம் என் தலையில் இறங்கியது. கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் பில்லைப் பாதியில் விட்டுவிட்டு எண்ணைப் பார்ப்பேன். ஒருநாள் மத்தியானம் அத்தையின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுப்பதற்குள் கையிலிருந்த சில்லறையைக் கொட்டிவிட்டேன். "அத்த! அத்த, இன்னா ஆச்சு?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் ஆவல. எடுக்குறியான்னு பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இனிமே இப்படிச் செஞ்சீங்கன்னா நெசமா வரும்போது எடுக்கவே மாட்டேன்" என்றேன். மறுமுனையில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு, "எடுப்ப. நீ எடுப்ப" என்றார். அந்தக் குரலில் அதிகாரம் இல்லை. கெஞ்சலாக இருந்தது.

நெசமாக வந்தது ஐப்பசி மழையில். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் காலையில் உதடு நீலம் பாரித்திருந்தது. நூற்றெட்டுக்குப் போன் செய்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். கீழ்புத்துப்பட்டு தாண்டும் வரை என் கையைப் பிடித்திருந்தவர், அதற்கப்புறம் பிடியை விட்டுவிட்டார். நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சத்தமாகச் சொல்ல வேண்டும். குழாய் வேண்டாம். இதோ பத்திரம். என் பெயர்தான் இது. சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அவசரப் பிரிவில் ஒரு இளைஞர்தான் டாக்டர். "முதல்ல மாஸ்க் போட்டு மெஷின்ல காத்து குடுத்துப் பாப்போம். அது கேக்கலன்னா டியூப் போட வேண்டி வரும். நீங்க பொண்ணா?"

"இல்லீங்க. பக்கத்து வீடு. அவங்க ஏற்கெனவே எழுதிக் குடுத்திருக்காங்க, மெஷின் எதுவும்..."

முடிக்கவில்லை. அத்தையின் கை மேலே எழுந்தது. நர்ஸ் வைத்திருந்த மாஸ்க்கைப் பார்த்து நீண்டது. தண்ணீரில் மூழ்குகிறவர் கரையைப் பிடிக்க நீட்டுவது மாதிரி அந்தக் கை காற்றில் துழாவியது.

நாங்கள் ஒத்திகை பார்த்ததெல்லாம் அவர் பேச முடியாமல் கிடக்கும் நேரத்துக்கு. அவர் கண் திறந்து கையை நீட்டுவார் என்று இரண்டு பேருமே நினைத்ததில்லை. இத்தனை காலமாக வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன அத்தை சரியா, இப்போது கையை நீட்டுகிற அத்தை சரியா? யாருக்காக நான் பேச வேண்டும்?

குனிந்து காதில் கேட்டேன். "அத்த, மாஸ்க் வேணுமா?"

ஆமாம் என்று தலை ஆடியது.

"நெசமாவா? வேணுமா?"

மறுபடியும் ஆடியது, கோபமாக.

"தொண்டையில குழாய்?"

கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார்.

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களே சொல்றாங்களே. சொல்ற வரைக்கும் அவங்க சொல்றதுதான். பேப்பர் அப்புறம்" என்றவர் மாஸ்க்கை வைத்துப் பட்டையை இழுத்து மாட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

நான் என் கணவரிடம் போனில் சொன்னது குமார் வரை போய், அவன் வீடியோவில் வந்தான். அம்மாவின் முகத்தை மறைத்திருந்த மாஸ்க்கைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தான். "டியூப் போடலாம்னு டாக்டர் சொன்னாராமே, ஏன் போடல? வேணாம்னு சொல்றதுக்கு நீ யாருக்கா?" பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் டாக்டரிடம் போனைக் கொடுத்துவிட்டேன். "பேஷண்ட் நினைவோட இருக்காங்க சார். அவங்ககிட்ட கேட்டுத்தான் செய்யிறோம்" என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது. குமார் அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

மத்தியானத்துக்கு மேல் அத்தைக்கு நினைவு தடுமாறியது. யாரையோ திட்டினார். உப்பு நனைகிறது, உப்பு நனைகிறது என்று மாஸ்க்குக்குள் முனகினார். மாஸ்க்கைப் பிடித்து இழுத்தார். நர்ஸ் திரும்ப மாட்டினார், அத்தை மறுபடி இழுத்தார். மூன்றாம் தடவை நர்ஸ் டிராயரைத் திறந்து வலைத்துணிச் சுருளை எடுத்தார்.

"கையக் கட்டிடுறேன். இல்லன்னா புடுங்கிக்கினே இருப்பாங்க."

"கட்டாதீங்க!"

வார்டே திரும்பியது. அத்தை அத்தனை நாள் கேட்ட சத்தம் அப்போதுதான் என் தொண்டையிலிருந்து வந்தது.

"ஏம்மா கத்துறீங்க? அவங்க நல்லதுக்குத்தான்."

"தெரியும் சிஸ்டர். கட்டாதீங்க. நான் புடிச்சிக்கிறேன். நகரவே மாட்டேன், நான் புடிச்சிக்கிறேன்."

அந்த நர்ஸ் கெட்டவர் இல்லை. ஒருத்தரே அத்தனை கட்டில்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே யாரையோ கேட்டுவிட்டு வந்து, ஒரு ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளினார். நான் உட்கார்ந்து அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம். நகத்தால் கீறினார். கொஞ்சம் தளர்ந்தால் நானும் தளர்த்தினேன், இழுத்தால் பிடித்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். தோள் மரத்துப்போனது. பிடியை விட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூடப் பயமாக இருந்தது.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு என் கணவர் லாரியை நிறுத்திவிட்டு வந்தார். சட்டையெல்லாம் உப்பு. கட்டிலைப் பார்த்தார், என் கையிலிருந்த கீறல்களைப் பார்த்தார். "எந்திரி" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் அவர் உட்கார்ந்து அத்தையின் கைகளை வாங்கிக்கொண்டார்.

அந்தத் தடவை அத்தை பிழைத்துக்கொண்டார். மறுநாளே நினைவு தெளிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவரே கேட்டார்.

"நான் கைய நீட்டினேனாமே. மாஸ்க்குக்கு."

"ஆமா அத்த."

"பயந்துட்டேன் இல்ல?"

"ஆமா."

இடது மணிக்கட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். அதுவரை ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் மகனுக்கும் பயந்தவர், இப்போது தன்னையே நினைத்துப் பயப்படுவது எனக்குத் தெரிந்தது. "அடுத்த தடவையும் பயப்படுவேன்டி. குழாயக்கூடக் கேட்டுடுவேன். அப்ப நீ இன்னா செய்வ?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நான் கேட்டா குடுக்கச் சொல்லு" என்றார் கடைசியில். "வாயத் தொறந்தோ தலைய ஆட்டியோ நானா கேட்டா குடுத்துடட்டும். கேக்க முடியாம கெடந்தா குடுக்கக் கூடாது. அவ்ளோதான். அதுக்கு மேல என்னாலயும் யோசிக்க முடியல."

குமார் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். வாசலில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். போனால் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். ஃபேன் நின்றால் போதும், தெருவில் எந்த வேலையில் இருந்தாலும் நான் அந்த வீட்டுக்கு ஓடுவேன். உள்ளே குமார் ஏற்கெனவே சிலிண்டர் முன்னால் உட்கார்ந்து பதற்றத்தில் தப்பான பக்கம் திருகிக்கொண்டிருப்பான். அந்த ஓட்டத்தில்தான் அவன் என்னோடு பேச ஆரம்பித்தான். "இதைக் கொஞ்சம் புடிக்கா" என்பது முதல் பேச்சு.

அந்தப் பெண் டாக்டர் ஏற்பாடு செய்த நர்ஸ் ஒருவர் வீட்டுக்கே வந்து போனார். மூச்சுத் திணறல் மிஞ்சினால் நாக்குக்கு அடியில் விட ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து, எப்படி விடுவது என்று குமாருக்கே சொல்லிக் கொடுத்தார்.

நர்ஸ் கிளம்பிப் போன ஒரு காலையில் அத்தை மகனைக் கூப்பிட்டார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீ இரு" என்றார்.

"குமாரு, இனிமே என்ன எங்கயும் தூக்கினு போவாத."

"சும்மா இரும்மா."

"இருக்க மாட்டேன். நீ கேளு."

"அப்பாவ நீதானே கொண்டுபோயி சேத்த? அவருக்கு மட்டும் எல்லாம் செய்யச் சொன்ன இல்ல? உனக்கு நான் செய்யக் கூடாதா?"

"நான்தான்டா சேத்தேன்" என்றார் அத்தை. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "சேத்துட்டு நான் இன்னா பாத்தேன்னு உனக்குத் தெரியாது." அப்புறம் சொன்னார். கட்டில் கம்பி, வலைத்துணி, கண்ணால் கேட்டது, போர்வையை இழுத்து மூடியது. சொல்லி முடிக்கும்போது குமார் அங்கே இல்லை. எழுந்து வெளியே போயிருந்தான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உப்பளக் கரையில் வேகமாக நடந்துகொண்டிருந்தான். மழைத் தண்ணீர் தேங்கிய பாத்திகளுக்கு நடுவில் போய், நின்று, திரும்பி, மறுபடி போனான். திரும்பி வந்து செருப்போடு உள்ளே நுழைந்தவன் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினான். அந்த விஷயத்தை அதற்கப்புறம் இரண்டு பேரும் எடுக்கவில்லை. அவன் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

தை பிறந்து உப்பளத்தில் புது உப்புக்காகப் பாத்தி மண்ணை மிதித்துச் சமப்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தபோது, தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அத்தையின் கண் பாதி மூடியிருந்தது. மூச்சு நீளமாக ஒன்று, பிறகு நின்று, பிறகு சின்னதாக ஒன்று என்று வந்தது. கூப்பிட்டேன். கேட்டதாகத் தெரியவில்லை. குமார் சுவரோரம் நின்றான்.

"பயமா இருந்துதுக்கா. நான்தான் போன் பண்ணிட்டேன். சொட்டு மருந்து வுடணும்னுகூடத் தோணல. பண்ணிட்டேன்."

ஆம்புலன்ஸில் வந்தவர் உள்ளே வந்து நாடி பார்த்தார், விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "ரொம்ப கம்மியா இருக்குது. ஏத்திடலாமா? யோசிக்க நேரமில்ல, சீக்கிரம் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா அநேகமா டியூப் போட்டுடுவாங்க."

ஸ்ட்ரெச்சர் வாசலில் தயாராக நின்றது. தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். "இன்னும் ஏம்பா பாத்துக்கினு நிக்கிற, ஏத்து" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வேண்டாம் என்ற சொல் என் வாய் வரை வந்து நின்றது. சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அத்தை எழுதிக் கொடுத்த உரிமை. ஆனால் குமாரின் முகத்தைப் பார்த்தேன். இதை நான் சொல்லிவிட்டால், ஆயுசு முழுக்க இவன் அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரி போகவிட்டாள் என்றுதான் இருக்கும். அவன் ஏற்றச் சொன்னால் ஸ்ட்ரெச்சருக்குக் குறுக்கே நிற்பேன். அதுவரை பொறுக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

குமார் கட்டிலருகே மண்டி போட்டான். அம்மாவின் காதில், "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றான். பதில் இல்லை. "அம்மா, வேணும்னா தலைய ஆட்டும்மா. கொஞ்சம் ஆட்டினா போதும்." காத்திருந்தான். நானும் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. மூச்சு மட்டும் வந்தது, நின்றது, வந்தது.

அவன் எழுந்தான்.

"அவங்க வர மாட்டாங்கண்ணா" என்றான். குரல் தெளிவாக இல்லை. மறுபடி சத்தமாகச் சொன்னான். "எங்க அம்மா வர மாட்டாங்க. வேணாம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. நான்தான் தெரியாம கூப்ட்டுட்டேன்."

வந்தவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பத்திரத்தின் நகலைக் காட்டினேன். அவர் ஒரு காகிதத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். போகும்போது குமாரின் தோளில் கைவைத்து, "தலைய கொஞ்சம் ஒசத்தி வைங்க. நர்ஸம்மா குடுத்த மருந்து இருந்தா இப்ப வுடலாம், கஷ்டம் தெரியாது" என்றார்.

குமார் சொட்டு மருந்தை விட்டான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தையின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது.

ஆம்புலன்ஸ் சைரன் போடாமல் பின்னால் நகர்ந்து, உப்பளச் சாலையில் திரும்பிப் போனது. தெருக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். என் காதில் விழ வேண்டும் என்றே சிலர் பேசினார்கள். நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் கணவர் வந்து பக்கத்தில் நின்றார். உள்ளே குமார் அம்மாவோடு மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். மஸ்கட் வெயிலைப் பற்றி, ரூமில் கூட இருக்கிறவர்களைப் பற்றி. நான் காதை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வெயில் சாய்ந்தது. பேச்சு நின்றது. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதையும் குமார் அணைத்தது கேட்டது.

குமார் வெளியே வந்தான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அம்மா போயிட்டாங்க" என்றான். "நான் பக்கத்துலயே இருந்தேன். யாருக்கும் போன் பண்ணல."